தலையைத் தூக்கித் தண்ணீர் குடித்தவன்

கோழிக்குப் பல் இருந்த அந்தக் காலத்தில் அதற்குக் கோழி என்ற பெயர் கிடையாது. இன்று டைனோசர் என்கிறார்களே, அந்தக் கூட்டத்திலேயே சின்ன உருவம் அது. முழங்கால் உயரம்தான், ஆனால் பச்சை இறைச்சி தவிர வேறெதையும் தொடாது. அப்போது எல்லா உயிர்களும் பேசின. பேசியதால் பொய்யும் இருந்தது.

அந்த இனத்தில் ஊசிப்பல்லன் என்று ஒருவன். அவன் மனைவி செம்மூக்கி. அவளுடைய தம்பி வளைவாலன், விருந்துக்கு வந்து அங்கேயே தங்கிவிட்டவன்.

கோடையில் ஒரே ஒரு குட்டைதான் வற்றாமல் கிடந்தது. கரையோரப் புதரில் மலைவாயன் என்ற பெரிய மிருகம் பதுங்கும். அதனால் ஒருவன் குனிந்து குடித்தால் மற்றவன் காவல் நிற்பான். புதர் அசைந்தால் குரல் கொடுப்பான். குனிந்தவன் உயிர் அந்தக் குரலில் இருந்தது.

ஊசிப்பல்லன் தான் பிடித்த ஓணானைக் கரையில் வைத்துவிட்டு, வளைவாலனைக் காவலுக்கு நிறுத்திக் குனிவான். நிமிர்ந்தால் ஓணானுக்கு வால் இருக்காது.

"எறும்பு தின்னிருக்கும் மச்சான்," என்பான் வளைவாலன்.

"எறும்புக்கு வால்தான் பிடிக்குமோ?"

வால் போனால் போகட்டும். ஓணானைப் பார்க்கிற கண் புதரை எப்படிப் பார்க்கும்? அந்த எண்ணம் அவனுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. மனைவியிடம் சொன்னான். என் தம்பி சாப்பிடுவது உங்கள் கண்ணை உறுத்துகிறதா என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மறுநாள் ஒரு வாய் மொண்டதும் தலையைத் தூக்கி ஓரக்கண்ணால் மைத்துனனைப் பார்த்தான்.

"என்ன மச்சான், என்னை நம்பலையா?"

"சேச்சே. தலையைத் தூக்கினாத்தான் எனக்குத் தண்ணி இறங்குது மாப்பிள்ளை."

வளைவாலன் அதைக் கூட்டம் முழுக்க நடித்துக் காட்டிச் சிரிக்க வைத்தான். ஊசிப்பல்லனும் கூடச் சேர்ந்து சிரித்தான். ஆனால் மறக்கவில்லை.

பிறகு ஒரு நாள். தலையைத் தூக்கியபோது வளைவாலன் புதருக்கு முதுகைக் காட்டியபடி ஓணானை மென்றுகொண்டிருந்தான். அவன் பின்னால் புதர் அசைந்தது. ஊசிப்பல்லன் பார்த்தான். குரல் கொடுக்கவில்லை. ஓடிவிட்டான்.

தனியாகத் திரும்பி வந்தவனைச் செம்மூக்கி கேட்டாள். "நீங்க பார்த்திருப்பீங்களே. ஏன் கத்தல?"

"வாயில தண்ணி இருந்தது. தலையைத் தூக்கினாத்தான் எனக்கு இறங்கும்னு எல்லாருக்கும் தெரியுமே."

அவள் அழவில்லை. "அப்படியா," என்றாள்.

அதற்குப் பிறகு அவன் குடிக்கப் போனபோதெல்லாம் அவளும் கூடவே போய் எதிரில் நின்றாள். ஒருமுறை குனிந்தபடியே விழுங்கினாலும் பொய் வெளியாகிவிடும். தொண்டை வறண்டு கிடந்தாலும் ஒவ்வொரு வாய்க்கும் தலையைத் தூக்கினான். பார்த்து வளர்ந்த பிள்ளைகளும் அப்படியே குடித்தன. காலப்போக்கில் பல் உதிர்ந்தது, இறகு முளைத்தது. பொய்யை மட்டும் தொண்டை நம்பிவிட்டது.

கோழி ஒவ்வொரு வாய்த் தண்ணீருக்கும் தலையைத் தூக்குவது அன்றைக்குத் தொடங்கியதுதான். சாமி கும்பிடுகிறது என்பார்கள். அந்த நேரத்தில் அதன் கண்ணைப் பாருங்கள். பக்கத்தில் நிற்பவரைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும்.