மன்னரும் நானும் இருந்த பத்தியம்

மருதங்காட்டு அரசவையில் மன்னரைச் சிரிக்க வைப்பது என் வேலை. பெயர் ஆண்டியப்பன். பெயரில் மட்டும்தான் ஆண்டி. நான் வருவதற்கு முன்பே என் தொந்தி அவைக்குள் வந்துவிடும்.

ஒரு தை மாதம் மன்னர் இராசகண்டருக்கு அரிப்பு வந்தது. சாதாரண அரிப்பு இல்லை. பக்கத்து நாட்டுத் தூதுவர் ஓலை வாசிக்கும்போது மன்னர் அரியணையில் அப்படி நெளிந்தார், இப்படி நெளிந்தார். தூதுவர் தாம் ஏதோ தப்பாக வாசித்துவிட்டோம் என்று பயந்து பாதியிலேயே நிறுத்திவிட்டார்.

அரண்மனை வைத்தியர் மாசிலாமணிப் பண்டிதர் நாடி பிடித்துப் பார்த்தார்.

"மன்னா, ஏதோ ஓர் உணவு ஒத்துக்கொள்ளவில்லை. எல்லாவற்றையும் விலக்குவோம். உப்பில்லாத கஞ்சி மட்டும். உடம்பு தேறியதும் ஒவ்வொன்றாகச் சேர்ப்போம். எது அரிக்கிறதோ அது குற்றவாளி."

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "பத்தியம்தானே, மன்னா! மனக்கட்டுப்பாடு இருந்தால் போதும்!" என்றேன்.

மன்னர் என் தொந்தியை ஒரு பார்வை பார்த்தார். "அப்படியா? நீயும் என்னோடு இரு. தவறினால் நாடு கடத்தல்."

முதல் நாள் எனக்குப் பெரிய ஞானம் வந்துவிட்டது. எதிர்ப்பட்டவர்களை எல்லாம் நிறுத்தி, "உடம்பு காற்றாக இருக்கிறது, ஐயா! நாக்குக்கு அடிமையாக எத்தனை காலம் வாழ்ந்துவிட்டேன்!" என்று உபதேசம் செய்தேன். சமையல்காரரிடம் போய் நெய் ஒரு மாயை என்றேன். மறுநாள் அதே சமையல்காரர் கடுகு தாளித்தார். வாசனை வந்ததும் நான் தூணைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

கஞ்சி குடித்த நாட்களில் மன்னர் அவைக்கு வரவில்லை, அந்தப்புரத்திலேயே படுத்திருந்தார். அரிப்பு நின்றது. பண்டிதருக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

பிறகு சோதனை தொடங்கியது. மன்னர் எதைச் சோதித்தாலும் அரியணையில் அமர்ந்து, அவை பார்க்கச் செய்ய வேண்டும் என்பது மருதங்காட்டு முறை. முதலில் தயிர் வந்தது. மன்னர் அரியணையில் அமர்ந்து உண்டார். சற்று நேரத்தில் அரித்தது.

"தயிர் குற்றவாளி!" என்றார் பண்டிதர்.

நெய் அரித்தது. பருப்பு அரித்தது. பண்டிதர் ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே போனார்.

"ஐயா, நானும் அதையேதானே சாப்பிட்டேன்? எனக்கு அரிக்கவில்லையே?" என்று கேட்டேன்.

"உன் தோல் எருமைத் தோல்," என்றார்.

கத்தரிக்காய்க் கூட்டு வந்த அன்று மன்னர் இரண்டு வாய் உண்டதுமே துள்ளி எழுந்து குளிக்க ஓடினார். கத்தரிக்காயும் விலக்கு என்று பண்டிதர் அறிவித்ததும் அவை கலைந்தது. கிண்ணம் அரியணையின் கைப்பிடியில் அப்படியே இருந்தது. நானும் கிண்ணமும் மட்டும்.

ஒரு வாய்தான் என்று நினைத்தேன். சாப்பாடு உள்ளே போனதும் சொர்க்கம் தெரிந்தது. சொர்க்கத்தில் நின்றுகொண்டா சாப்பிடுவார்கள்? மெய்மறந்து அரியணையிலேயே உட்கார்ந்துவிட்டேன். கிண்ணத்தை வழித்து முடிப்பதற்குள் அரிக்கத் தொடங்கியது.

ஐயோ, கத்தரிக்காய் என்னையும் கைவிட்டதே என்று கண்ணீரே வந்துவிட்டது. சொறிந்துகொண்டே அழுதபோதுதான் கவனித்தேன். உட்கார்ந்த இடத்தில் மட்டும்தான் அரித்தது.

எங்கள் நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. தை அறுவடையில் முதல் வயலின் வைக்கோலை அரியணை மெத்தைக்குள் திணிப்பார்கள். மன்னர் நாட்டின் விளைச்சல் மீது அமர வேண்டுமாம். அந்த ஆண்டு புது வைக்கோலை உதறாமல் அப்படியே திணித்திருக்கிறார்கள். உள்ளே முழுக்க, பட்டாலே அரிக்கும் வைக்கோல் சுணை!

உண்மையைச் சொல்லலாம் என்றால், "உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்பார்கள். பத்தியம் மீறியதற்கு நாடு கடத்தல். அரியணையில் உட்கார்ந்ததற்குத் தலை போகும். அதற்குள் பண்டிதர் அடுத்த குண்டைப் போட்டார்.

"மன்னா, இனி அரிசியும் வேண்டாம். அருகம்புல் சாறு மட்டும் போதும்."

மன்னர் ஏற்கெனவே பாதியாகிவிட்டார். தலையை ஆட்டக்கூடத் தெம்பில்லை. ஒரு தட்டு சோற்றுக்கு முன்னால் அந்த மனிதர் சாகப் போகிறார். கூடவே நானும்.

ஏகாதசி அன்று அவை கூடியதும் எழுந்து நின்றேன்.

"மன்னா, நோய் தீர்த்தவரை ஒரு நாழிகை அரியணையில் அமர்த்திச் சிறப்பிப்பது நம் வழக்கம். பண்டிதருக்கு அதை இன்றே செய்துவிடலாம்."

"நோய் இன்னும் தீரவில்லையே, ஆண்டியப்பா?"

"அருகம்புல் சாற்றைக் குடித்துவிட்டு, பிறகு சிறப்பிக்கத் தாங்கள் இருக்க வேண்டாமா, மன்னா?"

"சரி" என்று மன்னர் பக்கத்து ஆசனத்துக்கு மாறினார். பண்டிதர் என்னை முறைத்தார். ஆனால் கால்கள் அதற்குள் அரியணைப் படியில் ஏறிவிட்டன. மருந்துப் பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிறைவாகச் சாய்ந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் புன்னகைத்தார். பிறகு இடப்பக்கம் நெளிந்தார். பிறகு வலப்பக்கம்.

"என்ன பண்டிதரே?" என்றார் மன்னர்.

"ஒன்றுமில்லை, மன்னா... ஏதோ உணவு ஒத்துக்கொள்ளவில்லை..."

"இன்று என்ன சாப்பிட்டீர்கள், ஐயா?" என்று பணிவாகக் கேட்டேன்.

"என்னடா கேள்வி? ஏகாதசி விரதம்! நேற்றிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை!" என்று கத்திக்கொண்டே இரண்டு கையாலும் சொறிந்தார்.

மன்னர் பண்டிதரின் கைகள் போகும் இடத்தைப் பார்த்தார். அந்த இடம் அவருக்கு நன்றாகத் தெரிந்த இடம். மெல்ல எழுந்து போய், பண்டிதரை இறக்கிவிட்டு, உடைவாளால் மெத்தையைக் கிழித்தார். வைக்கோலும் சுணையும் அவையெங்கும் பறந்தன.

பண்டிதர் தலையைக் குனிந்துகொண்டார். மன்னரின் முகம் சிவந்தது.

"ஆண்டியப்பா! தயிர், நெய், பருப்பு, கத்தரிக்காய் எல்லாவற்றையும் விலக்கியாயிற்று. இப்போது இவரை என்ன செய்யலாம், சொல்!"

"பாவம் மன்னா, அவரை ஒன்றும் செய்ய வேண்டாம். பண்டிதருக்குப் பட்டினி ஒத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். அதை மட்டும் நாடு முழுக்க விலக்கிவிடுங்கள்!"

மன்னர் சிரித்த சிரிப்பு சமையல்கட்டு வரை கேட்டது. அவர் உத்தரவு போடுவதற்கு முன்பே அங்கே கடுகு வெடித்தது.