கழுவாமல் விட்ட குழி

மேகம் இறங்கி மரத்துக்கு மரம் தங்கிப் போகும் ஒரு மலை. அங்கே மடம் வைத்திருந்தார் திலகவதி அம்மை. வயது நாற்பது. சீடர் கைலாசத்துக்கோ அறுபத்திரண்டு. ஓவர்சீயர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று வந்தவர். எதுவும் பளிச்சென்று இல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

மடத்துச் சுனையில் ஒரு வகைத் தேரை இருந்தது. அந்த மலையை விட்டால் வேறெங்கும் கிடையாது. போன மழைக்கு ஏழெட்டுக் குரல் கேட்டது. இந்த மழைக்கு இரண்டுதான்.

குருபூஜையன்று சுனைத் தண்ணீரால் அம்மையின் பாதம் கழுவுவது வழக்கம். இரண்டு நாள் முன்பே கைலாசம் சுனையில் இறங்கிவிட்டார். பாசியைச் சுரண்டினார், பாறையைத் தேய்த்தார், பிளீச்சிங் பவுடரும் போட்டார். பாறைக்குப் பின்னால் தனியாகத் தண்ணீர் தேங்கியிருந்த குழி மட்டும் பாக்கி. இடுப்பு வலி.

"எல்லாம் முடிஞ்சுதும்மா" என்று சொல்லிவிட்டார்.

பூஜையன்று சுனையில் ஒரே மருந்து நெடி. அந்தத் தண்ணீரைக் குருவின் பாதத்தில் ஊற்ற மனம் வராமல், செம்போடு பின்பக்கக் குழிக்குப் போனார். குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

பாசிக்குள் கறுப்பு மணி கோத்த மாதிரி ஒரு சரம். தேரை முட்டை. சுனையிலும் இதே போல் சரம் சரமாக இருந்தது. அழுக்கென்று அவர்தான் சுரண்டி எறிந்தார்.

வெறும் செம்போடு திரும்பினார்.

"தண்ணி எங்கே ஐயா?"

"தப்புப் பண்ணிட்டேம்மா." எல்லாவற்றையும் சொன்னார். பொய் சொன்னதையும் சொன்னார்.

"குழியில எத்தனை சரம்?"

"ஒண்ணுதாம்மா."

"உயிர் இருக்கா?"

"ரெண்டு மூணு மணி லேசா அசையுது."

அம்மையின் முகம் மலர்ந்தது. "உங்க இடுப்பு வலி நல்லா இருக்கட்டும்."

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். கைலாசத்துக்குச் சிரிப்பு வரவில்லை.

"எனக்கு என்ன தண்டனைம்மா?"

"தண்டனையால சுனைக்கு என்ன லாபம்? மருந்துத் தண்ணியை இறைச்சுத் தூரமா ஊத்துங்க. மழை வந்து ரொம்பட்டும். பாசி அதுவா வரும், நீங்க தேய்க்காம இருந்தா போதும்."

"அப்ப பாதபூஜை? உங்க காலெல்லாம் சேறா இருக்கேம்மா."

அம்மை சேற்றுக் காலை மடக்கிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"முதல்ல அதுங்களுக்குக் கால் முளைக்கட்டும். அப்புறம் வந்து என் காலைக் கழுவுங்க."