குளிர்கிற ஜாக்கெட்

குன்னூரில் பெண்களுக்குத் தோல் ஜாக்கெட் தைக்கிற செசிலியா மாஸ்டரிடம் ஒரு கேள்வி கேட்டால் பதில் வரும் என்று நம்பக்கூடாது. வந்தாலும் கேட்ட கேள்விக்கு வராது. இது ஊருக்கே தெரியும். தெரிந்துதான் ரங்கநாயகி அவளிடம் சிஷ்யையாகச் சேர்ந்தாள்.

மாஸ்டரைவிட ரங்கநாயகி வயதில் மூத்தவள். கோயம்புத்தூரில் புடவைக்குப் போடுகிற ஜாக்கெட் தைத்துக் கை பழகியவள். துணியை வெட்டுகிற கைக்குத் தோல் எம்மாத்திரம் என்று நினைத்துத்தான் மலையேறினாள். தோல் அவளுக்குத் தண்ணி காட்டிவிட்டது. துணியில் தப்பான இடத்தில் ஊசி இறங்கினால் பிரித்துவிட்டு மறுபடி தைக்கலாம். தோலில் விழுந்த துளை விழுந்ததுதான்.

ஒருநாள் மாஸ்டர் சொன்னாள்.

"அடுத்து வர்றவங்களுக்கு நீங்களே வரைஞ்சு, நீங்களே வெட்டி, நீங்களே தைங்கக்கா. அதைப் போட்டுக்கிட்டுக் குறைன்னு திரும்பி வராமப் போயிட்டாங்கன்னா உங்களுக்கு இங்க ஒரு மேசை."

"திரும்பி வந்துட்டா?"

"கோயம்புத்தூர் பஸ் அடிக்கடி இருக்கு."

ரங்கநாயகிக்குத் திரும்பிப்போக மனமில்லை. அங்கே இருந்த தன் தையல் மெஷினை விற்றுவிட்டுத்தான் வந்திருந்தாள்.

அடுத்து வந்தவள் செல்லக்கிளி. எஸ்டேட்டில் ஜீப் ஓட்டுகிறவள். விடிவதற்குள் வண்டியை எடுக்கவேண்டும், பனி எலும்பைப் பிடிக்கிறது, கதகதப்பாக ஒன்று வேண்டும் என்றாள். ரங்கநாயகி அவளை நிற்கவைத்து டேப்பைப் போட்டாள். தோள், மார்பு, இடுப்பு, கை. செல்லக்கிளி ஏதேதோ பேசிக்கொண்டிருந்தாள். ரங்கநாயகியின் கண் டேப்பை விட்டு நகரவில்லை.

பிறகு உட்கார்ந்து படம் வரைந்தாள். ஒடுங்கிய இடுப்பு. தூக்கி நிற்கும் காலர். மார்பின் குறுக்கே சாய்வாக ஓடும் ஜிப். படத்துப் பெண் இடது கையை இடுப்பில் ஊன்றி நின்றாள். ஆடை மாதிரிப் படங்களில் வரைவதுபோல முகத்தை மட்டும் ரங்கநாயகி வெறும் முட்டை வடிவமாக விட்டிருந்தாள். ஆள் பாதி ஆடை பாதி என்று சும்மாவா சொன்னார்கள் என்று அவளுக்கே பெருமையாக இருந்தது.

தைத்து முடித்ததும் செல்லக்கிளி போட்டுப் பார்த்தாள். கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை.

"அழகாத்தான் இருக்கு. ஆனா குளிருதேக்கா."

"புதுத்தோலுங்க. உடம்புச் சூடு ஏறினாச் சரியாயிடும்."

மறுநாள் அவள் உதடு வெளுத்துத் திரும்பி வந்தாள்.

"கழட்டினாத் தேவலைங்கற மாதிரி குளிருதுக்கா."

ரங்கநாயகி உள்ளே கனத்த கம்பளித் துணி வைத்துத் தைத்துக் கொடுத்தாள். அன்று பிற்பகலிலேயே செல்லக்கிளி மறுபடி வந்தாள். இந்த முறை அதைப் போட்டுக்கொண்டு வரவில்லை. ஒரு பையில் சுருட்டிக் கொண்டுவந்து மேசைமேல் வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள்.

"ஒண்ணு சொன்னாச் சிரிக்கக்கூடாது."

"சொல்லுங்க."

"கையை உள்ள விட்டா, எனக்கு முன்னாலயே அங்க ஒரு கை இருக்கு. விரல் படுது."

யாரும் சிரிக்கவில்லை. நாளைக்குள் சரி பண்ண முடிந்தால் பண்ணுங்கள், இல்லாவிட்டால் மார்க்கெட்டில் ஒரு ஸ்வெட்டர் வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். ஜன்னலுக்கு வெளியே மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. ரங்கநாயகிக்குக் கோபமும் பயமும் சேர்ந்து வந்தன.

"அளவு சரி. தோல் சரி. தையல் சரி. தப்பு எங்க இருக்கு மாஸ்டர்?"

மாஸ்டர் கத்தரியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"போட்டுப் பாருங்கக்கா."

ரங்கநாயகியும் ஏறக்குறைய செல்லக்கிளி அளவு உடம்புக்காரிதான். போட்டுக்கொண்டாள். கம்பளி முதுகில் பட்டது. கிணற்றுச் சுவர்போல் சில்லென்றிருந்தது. ஜிப்பை ஏற்றிவிட்டுக் கண்ணாடிக்கு முன்னால் போனாள்.

கண்ணாடியில் ஜாக்கெட் இருந்தது. காலருக்கு மேலே, அவள் வரைந்தபடியே, வழவழவென்று ஒரு முட்டை இருந்தது. கண் இல்லை. வாய் இல்லை.

அவள் தன் முகத்தைத் தொட்டுப் பார்க்கக் கையைத் தூக்கினாள். கை மேலே வரவில்லை. அது மெதுவாக மடங்கிப்போய் இடுப்பில் ஊன்றிக்கொண்டது.

"மாஸ்டர்."

"சொல்லுங்க."

"கை என் பேச்சைக் கேக்கலை."

மாஸ்டர் எழுந்து வந்து பின்னால் ஒரு ஸ்டூலைப் போட்டாள்.

"செல்லக்கிளி நாள் முழுக்க உக்காந்தே இருக்கறவ. உக்காருங்க."

ரங்கநாயகி முழங்காலை மடக்கினாள். ஜாக்கெட் அவள் விலாவை இறுக்கி நிமிர்த்தியது. இன்னொரு முறை முயன்றாள். மூச்சு முட்டியது.

"உக்கார விடமாட்டேங்குது."

"நீங்க வரைஞ்சவளுக்கு நிக்க மட்டுந்தான் தெரியும்."

"அளவு செல்லக்கிளியோடதுதானே மாஸ்டர்?"

"செல்லக்கிளி முகம் எப்படி இருக்கும்?"

ரங்கநாயகி யோசித்தாள். மார்பு முப்பத்தாறு என்பது நினைவுக்கு வந்தது. கை நீளம் இருபத்திரண்டு என்பது வந்தது. நான்கு முறை நேருக்கு நேர் நின்று பேசியவளின் மூக்கு எப்படி இருக்கும், மூக்குத்தி உண்டா இல்லையா, எதுவும் வரவில்லை. அவளுக்கு அழுகை வந்தது. கண்ணாடியில் அந்த முட்டை வறண்டுதான் இருந்தது.

மாஸ்டர் ஜிப்பைப் பிடித்து ஒரே இழுப்பில் இறக்கினாள். தோளைப் பிடித்து ஜாக்கெட்டை உரித்தெடுத்து ஸ்டூலின்மேல் வைத்தாள். ரங்கநாயகி சுவரோரமாகச் சாய்ந்து நின்று தன் கன்னத்தையும் மூக்கையும் தடவிப் பார்த்தாள். எல்லாம் இருந்தது.

மூச்சு நிதானப்பட்டதும் அவளுக்கு மாஸ்டர் தருவதாகச் சொன்ன மேசை ஞாபகம் வந்தது.

"பிரிச்சிடறேன் மாஸ்டர். ராத்திரிக்குள்ள செல்லக்கிளிக்குத் தகுந்தபடி மாத்திடறேன். ஜீப்லயே போய் உக்காந்து அவளைப் பாத்துட்டு வர்றேன். பிரிக்கட்டுமா?"

ஸ்டூலின்மேல் வைத்த ஜாக்கெட் சரியவில்லை. காலரைத் தூக்கி, தோளை விரித்து, இடது கையை மடக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றது.

மாஸ்டர் கத்தரியை எடுத்து ரங்கநாயகியின் கையில் கொடுத்துவிட்டு ஸ்டூலைக் காட்டினாள்.

"என்னைக் கேட்டா எப்படிக்கா? போட்டிருக்கறவளைக் கேளுங்க."