ஆமைக்கு வழிவிடும் ஊர்

ஊரைத் தப்பான இடத்தில் கட்டினார்கள். ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை.

ஆமையும் மனிதரும் பேசிக்கொண்ட அந்தக் காலத்தில், அமெரிக்காவில் ஒரு பெரிய ஆற்றங்கரையில் பதினோரு குடும்பங்கள் படகில் வந்து இறங்கின. தலைவர் ஒபதியா. கையில் ஊரின் வரைபடம். படகை விட்டு இறங்கினால் நாலு எட்டில் வீடு வேண்டும் என்று தாழ்ந்த கரையில் மனைக்கு முளைக்குச்சி அடித்தார். வெள்ளம் வந்தது, வீடுகள் போயின. மறுபடி அங்கேயே அடித்தார். மறுபடி போயின. அந்த மண்ணில் முன்பிருந்தே வாழ்ந்தவர்கள் மேட்டில்தான் குடியிருந்தார்கள். அவர்களிடம் கேட்க இவருக்கு மனம் வரவில்லை.

மூன்றாவது தடவையும் அதே இடத்தில் முளை. வந்தவர்களில் ஒருவனான தச்சனின் மனைவிக்கு அப்போது ஐந்து மாதம். பிள்ளையைக் கூடாரத்தில் பெறமாட்டேன், சுவருள்ள வீட்டில்தான் பெறுவேன் என்றிருந்தாள்.

ஒரு காலை, ஆற்றிலிருந்து ஆமை ஒன்று முளைகளைத் தாண்டி மேட்டில் ஏறியது.

"எங்கே அக்கா, இவ்வளவு தூரம்?" என்றாள்.

"முட்டையிட."

"கரையிலேயே மணல் இருக்கே."

"இருக்கு. தண்ணியும் வருமே. நீ எங்கே பெறப்போறே?"

அவள் பின்னாலேயே போய், ஆமை குழி தோண்டிய இடத்தைப் பார்த்துக்கொண்டாள். இறங்கி வந்து முளைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். ஆமைக் குழியையும் தாண்டி, இன்னும் உயரத்தில் கொண்டுபோய் அடித்தாள்.

ஒபதியா மூச்சு வாங்க ஏறி வந்தார். "ஆமை பேச்சைக் கேட்டா ஊர் கட்டுறது? சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். நனையாம சிரிக்கட்டும்."

"முளையைக் கீழே கொண்டு போ."

"என்னையும் சேர்த்துத் தூக்குங்க. இப்போ ரெண்டு ஆள் கனம்."

முளைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். தச்சன் கோடரியோடு மேலே வந்தான். பின்னால் மற்றவர்களும் வந்தார்கள். ஒபதியா மட்டும் கீழேயே கட்டினார்.

இரண்டு மாதத்தில் ஆறு பெருகியது. ஒபதியாவின் வீடு கூரையோடு மிதந்து போனது. தண்ணீர் ஏறி ஏறி, ஆமைக் குழிக்கு ஒரு முழம் கீழே நின்றது. அவர் நனைந்த வரைபடத்தோடு மேலே வந்தார்.

"எனக்கு எந்த முளை?"

அவள் காட்டினாள்.

பிள்ளை நாலு சுவருக்குள் பிறந்தது.

அன்று முதல்தான் அந்த ஊரின் முதல் தெரு மேட்டில் தொடங்குகிறது. ஜூன் மாதம் முட்டையிட ஏறும் ஆமைக்கு, அவசரத்தில் போகிற லாரிகூட நின்று வழிவிடுகிறது. ஊருக்கு ஒபதியாவின் பெயரை வைத்துவிட்டார்கள். போகட்டும். முளையைப் பிடுங்கியவள் பெயர் கெசியா.