இருளடவியைச் சுற்றி வந்தவர்

வழியே இல்லாத மலைகளுக்கு நடுவில் இருளடவி என்றொரு காடு. படைத்தலைவர் வச்சிரசேனர் அங்கே வந்து அதட்டினார். "அரண்மனைத் தூணுக்கு ஒரே ஒரு மரம் வேண்டும். தராவிட்டால் ஊர் ஊராகக் கொளுத்துவேன்!"

கூடியிருந்த ஊராரிலிருந்து ஆடு மேய்க்கும் ஈங்கை முன்னால் வந்தாள். "தாராளமா வெட்டிக்குங்க ஐயா. அதுக்கு முன்னாடி மரத்தை ஒருதரம் சுத்தி வரணும். அது எங்க வழக்கம்."

"இவ்வளவுதானா?" என்று சிரித்தபடி ஒரு தடித்த மரத்தைச் சுற்றக் கிளம்பினார். அதன் கிளை பக்கத்து மரத்தில் போய் இறங்கியிருந்தது. பார்த்தால் அந்தப் பக்கத்து மரம் தனி மரமல்ல, இதன் விழுது.

"அதையும் சேர்த்துச் சுத்தணும் ஐயா!" என்று கத்தினாள் ஈங்கை.

விழுதுக்கு அப்பால் இன்னொரு விழுது, நடுவில் ஓர் ஊர். அப்புறம் ஓர் ஏரி. அதற்கு மேலேயும் அதே கிளை. வேர்மடிப்புகளில் வயல்கள். கிளைக்கவட்டில் ஒரு சந்தை. மேகத்துக்குள் நுழைந்த கொப்புகளில் விளக்கேற்றிய குடிசைகள்.

மழைக்காலம் போய்ப் பனி இறங்கியபோது, புறப்பட்ட இடத்துக்கே தாடியோடு வந்து சேர்ந்தார். அண்ணாந்து பார்த்தார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

ஈங்கை கோடாரியை நீட்டினாள். அவர் கை எழவில்லை.

"இத்தனை பெரிய காட்டில் ஒரு மரம்தானே கேட்டேன்..."

"எங்ககிட்ட இருக்கறதும் ஒரு மரம்தானுங்களே ஐயா."