ஹீட்டர் கொடுத்தவர் எதுவும் கேட்கவில்லை

அமெரிக்காவில் பணக்காரர்கள் வேட்பாளர்களை விலைக்கு வாங்குகிறார்கள் என்றொரு நம்பிக்கை உலகமெங்கும் பரவியிருக்கிறது. இது பெரும்பிழை, உடனே திருத்தியாக வேண்டும். வேட்பாளர் கையில் எவ்வளவு கொடுக்கலாம் என்பதற்குச் சட்டம் வரம்பு வைத்திருக்கிறது. அதற்கு மேலும் மனம் இளகியவர் தனியாக ஒரு குழு வைத்து, அவருக்காக எத்தனை கோடியும் செலவழிக்கலாம். ஒரே நிபந்தனை, அந்தச் செலவைப் பற்றி இருவரும் கலந்து பேசக் கூடாது.

ஒஹாயோவில் பல் மருத்துவர் தண்டபாணிக்கு இந்தச் சட்டம் மனப்பாடம். அறுபத்திரண்டு வயதில் மாநில சட்டசபைக்கு நிற்கிறார். கிடங்கு அதிபர் சபேசனின் குழு தினமும் மாலைச் செய்திக்கு முன் டிவியில் அவரைப் புகழ்ந்து விளம்பரம் போடுகிறது. ஆள் விலைபோய்விட்டார் என்று ஊரில் பேச்சு. அது அவரைத் தூங்கவிடவில்லை.

புதன்கிழமைதோறும் உரை கேட்கப் போகும் ஆசிரமத்துக்கு, இந்த முறை திங்களன்றே போனார். ஆசிரியை வசுமதி அவரைவிட இருபது வயது இளையவர். ஹாலில் பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"அம்மா, ஒரு சந்தேகம்."

"சொல்லுங்கள் டாக்டர். பல்லைப் பற்றி மட்டும் வேண்டாம்."

"சபேசன் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. எதுவும் கேட்டதில்லை. கேட்காதவருக்கு நான் எப்படி விலைபோக முடியும்?"

வசுமதி பாயின் ஒரு முனையை அவரிடம் நீட்டினார். "இதைப் பிடியுங்கள். மனத்தின் ஆறு பகைகள் என்னென்ன?"

"காமம், கோபம், பேராசை, மயக்கம், செருக்கு, பொறாமை."

"எதைப் பற்றியெல்லாம் இங்கே கேட்டிருக்கிறீர்கள்?"

"கோபம் மூன்று வாரம். செருக்கு பற்றிப் பேசியபோது என் மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மயக்கம், காமம், பொறாமை..." அவர் நிறுத்தினார். "பேராசை அன்றைக்கு நான் வரவில்லை போலிருக்கிறது."

"இரண்டு வருடமாக நீங்கள் ஒரு புதன்கூடத் தவறவில்லை."

வசுமதி சுவரைக் காட்டினார். அங்கே பெரிய ஹீட்டர் ஒன்று மெல்ல உறுமிக்கொண்டிருந்தது.

"இது வந்தும் இரண்டு வருடம். சபேசன் கொடுத்தது."

"பேராசையைப் பற்றிப் பேசாதீர்கள் என்றாரா?"

"மாட்ட வந்த ஆளைத்தான் பார்த்தேன். சபேசனைப் பார்த்ததே இல்லை."

தண்டபாணி பாயைச் சுருட்டினார். கோணலாக வந்தது.

"சட்டைப் பையில் என்ன டாக்டர்?"

"துண்டறிக்கை. சாயங்காலம் அச்சுக்குப் போகிறது."

வசுமதி வாங்கி இரண்டு பக்கமும் படித்தார். "பள்ளிக்கூடத் தெருவில் கிடங்கு லாரிகள் ஓடக் கூடாது என்றுதானே தேர்தலில் நின்றீர்கள்? அதைக் காணோமே."

"இடம் போதவில்லை, அம்மா."

"உங்கள் படம் பாதிப் பக்கம் இருக்கிறது."

தண்டபாணி கோணல் பாயைப் பிரித்து மறுபடி சுருட்டத் தொடங்கினார்.

"லாரிகளை யார் நீக்கச் சொன்னது?"

"யாரும் சொல்லவில்லை."

"என்னிடமும்தான்" என்றார் வசுமதி.

அந்தப் புதன்கிழமை உரை பேராசையைப் பற்றி நடந்தது. ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் வைத்திருந்த துண்டறிக்கையில் தண்டபாணியின் படம் தபால்தலை அளவுக்குச் சுருங்கி, லாரிகள் முதல் வரிக்கு வந்திருந்தன.

சனிக்கிழமை முதல், மாலைச் செய்திக்கு முன் அவரைப் புகழ்ந்த இடத்தில் பற்பசை விளம்பரம் வந்தது.