முன்னால் யாரும் இல்லாத இளவரசன்

வேங்கைநாட்டு அரசர் வீரகம்பீரருக்கு, உலகத்தில் எல்லாமே தனக்கு இரண்டு விரற்கடை குறைவாகத்தான் கிடைத்திருக்கிறது என்று ஒரு நினைப்பு. பக்கத்து நாட்டுக் கோபுரம் உயரம். அந்த நாட்டு யானைக்குத் தந்தம் நீளம். இந்தக் குறையையெல்லாம் தீர்த்து வைக்கத்தான் தனக்கொரு மகன் பிறந்திருக்கிறான் என்று முடிவு கட்டியிருந்தார். மகன் சேந்தனுக்கு ஏழு வயது. அவனுக்கு இந்த விஷயம் தெரியாது.

திருவிழாவில் பிள்ளைகளுக்கான மட்டக்குதிரைப் பந்தயம். லாயக்காரன் ஒண்டிமுத்துவின் மகள் பேச்சி முதலில் வந்தாள். சேந்தன் அவளுக்கு அடுத்து. குதிரையிலிருந்து குதித்தவன் நேரே அப்பாவிடம் ஓடி வந்தான்.

“அப்பா, பாத்தீங்களா? பேச்சி குதிரை பறக்குதுப்பா!”

பல்லெல்லாம் தெரியச் சிரிப்பு. தோற்றவன் முகமா இது? அரசருக்கு அதுதான் தாங்கவில்லை.

மறுநாள் சபையில் சிம்மாசனத்தின் கைப்பிடியில் ஓங்கி ஓர் அடி அடித்தார். “இனிமேல் என் மகனுக்கு முன்னால் யாரும் இருக்கக் கூடாது! இருந்தால் நாடு கடத்தல்தான். முதலில் அந்த லாயக்காரன் குடும்பம். நாளைப் பொழுது சாய்வதற்குள் எல்லையைத் தாண்டியிருக்க வேண்டும்.”

அரசாணைகளை நிறைவேற்றுவது மருதவாணனின் வேலை. ஒண்டிமுத்துவின் மனைவி நிறைமாதக்காரி. இந்த நிலையில் எங்கே போவாள்? அரசரிடம் கெஞ்சினால் கோபம்தான் கூடும். அதை அவன் பலமுறை பட்டுத் தெரிந்துகொண்டிருந்தான். அதனால் பணிவாக ஒரு சந்தேகம் மட்டும் கேட்டான்.

“யாருமே இருக்கக் கூடாதா, மகாராஜா?”

“யாருமே.”

“ஆசிரியர்கள்? மகாராணி?”

“உனக்குக் காது மந்தமா? யாருமே என்றால் யாருமேதான்!”

“உத்தரவு” என்று குனிந்தான் மருதவாணன். குனிந்ததால் அவன் முகத்தை யாரும் பார்க்கவில்லை.

அன்று மாலையே ஊரெங்கும் முரசறைந்து ஆணையைச் சொல்லிவிட்டார்கள்.

மறுநாள் காலை மகனின் படிப்பைப் பார்க்க அரசர் பாட மண்டபத்துக்கு வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார். மண்டபத்தின் நடுவில் சேந்தன் தனியாக உட்கார்ந்திருந்தான். அவனுக்கு எதிரே வெறும் தரை. இலக்கண ஆசிரியர் அவன் பிடரியைப் பார்த்து வேற்றுமை உருபு சொல்லிக்கொண்டிருந்தார். பணிப்பெண் பின்னாலிருந்து கையை வளைத்துப் பால் புகட்டினாள். பாதிப் பால் காதில் ஒழுகியது. தூணோரம் மகாராணி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அரசர் மகனை நோக்கி நடந்தார். மருதவாணன் குறுக்கே கை நீட்டினான்.

“அந்தப் பக்கம் வேண்டாம், மகாராஜா. அது முன்பக்கம்.”

“என்ன உளறுகிறாய்?”

“இளவரசருக்கு முன்னால் யாரும் இருக்கக் கூடாது. தங்கள் ஆணை.”

“நான் சொன்னது அந்த முன்னால் இல்லையடா!”

“எந்த முன்னால் என்று ஆணையில் இல்லையே. நான் கேட்டுக்கூடப் பார்த்தேன்.”

அரசர் பல்லைக் கடித்தார். “சேந்தா, இப்படித் திரும்பு!”

சேந்தன் திரும்பினான். அவ்வளவுதான். இலக்கண ஆசிரியர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார். பணிப்பெண் பால் செம்போடு ஓடினாள். மகாராணி சிலம்பு குலுங்க ஓடினாள். மருதவாணன் அரசரின் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினான். எல்லோரும் மறுபடியும் பையனின் முதுகுப் பக்கம் போய்ச் சேர்ந்தார்கள். சேந்தன் இன்னொரு தடவை திரும்பினான். இன்னொரு தடவை ஓட்டம்.

மகாராணிக்கு மூச்சு வாங்கியது. “வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டீங்களா? நேத்து சாயங்காலத்திலிருந்து பெத்த பிள்ளையோட பிடரியைத்தான் பாத்துக்கிட்டிருக்கேன்.”

“பிடரிக்கு என்ன குறை, மகாராணி?” என்றான் மருதவாணன். “அக்கம்பக்கத்து நாடுகளில் இப்படி ஒரு பிடரி கிடையாது.”

அரசர் அவனை முறைத்தார். அப்போது சேந்தனின் தோள்கள் குலுங்கின.

“சிரிக்கிறானா?” என்றார் அரசர் மெதுவாக.

“இருக்கலாம்.”

“அழுகிறானோ?”

“அதுவும் இருக்கலாம். இங்கிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும், மகாராஜா.”

அரசர் கொஞ்ச நேரம் அந்தச் சின்ன முதுகையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சுற்றிக்கொண்டு போய் மகனுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

அழுதுகொண்டுதான் இருந்தான்.

“பேச்சியை அனுப்பிடாதீங்கப்பா. இனிமே நான் வேகமாப் போறேன்.”

அரசர் பட்டு மேலாடையால் அவன் மூக்கைத் துடைத்தார். “நீ வேகமாப் போக வேண்டாம்.”

“பேச்சி?”

“அவளும் எங்கேயும் போக வேண்டாம்.”

மருதவாணனுக்கு அப்போதுதான் மூச்சு சீராக வந்தது. தொண்டையைக் கனைத்தான்.

“மகாராஜா, தாங்கள் இப்போது இளவரசருக்கு முன்னால் இருக்கிறீர்கள்.”

“அதனால்?”

“தங்களை நாடு கடத்தியாக வேண்டும். வாசலில் வண்டி கட்டி நிற்கிறது. பொழுது சாய்வதற்குள் எல்லையைத் தாண்டினால் போதும். தாண்டிய பிறகு திரும்பி வரக் கூடாது என்று ஆணையில் இல்லை.”

அரசர் அவனை உற்றுப் பார்த்தார். “எல்லையில் என்ன இருக்கிறது?”

“ஆறு, மகாராஜா. இந்த மாதத்தில் முழங்காலளவுதான் தண்ணீர்.”

அரசர் சிரிக்க ஆரம்பித்தார். மேலாடை நழுவியது, கண்ணில் நீர் வந்தது, சிரிப்பு நிற்கவில்லை. கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி மருதவாணன் மேல் வீசினார். “முதலில் போய் நாடு கடந்துவிட்டு வருகிறேன். வந்து ஆணையை ரத்து செய்கிறேன். துணைக்குச் சேந்தன் வரட்டும். அந்தப் பேச்சியையும் கூப்பிடு.”

வாசலில் வண்டி தயாராக நின்றது. அரசர் பழக்க தோஷத்தில் மகனைத் தூக்கி, “நீ முன்னால ஏறு” என்றார்.

“வேண்டாம்ப்பா. பின்னால உக்காந்தாத்தான் காலைத் தொங்கப் போட்டுக்கலாம்.”

சொல்லிவிட்டு ஓடிப்போய் வண்டியின் பின்புறம் பேச்சிக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டான்.

அரசர் தலையிலிருந்த கிரீடத்தைக் கழற்றி மருதவாணன் கையில் கொடுத்தார். வண்டியைச் சுற்றிப் பின்னால் வந்தார்.

“கொஞ்சம் தள்ளி உக்காருடா” என்றார்.